எலிவேட்டா, சீட் ஃபண்டா: முதலில் எதைக் கேட்பது?

சூரிய வெப்பத்தில் காய்கறி உலர்த்தும் பெட்டி செய்கிறோம். பெங்களூரு பீன்யாவில் ஒரு ஷெட், நானும் என் கூட்டாளியும், கோலாரிலிருந்து வரும் தக்காளி. 2022-ல் அரசுப் பணம் கேட்கலாம் என்று உட்கார்ந்தபோது எங்கள் முன்னால் இருந்தவை புதுக் கம்பெனிகளுக்கான இரண்டு திட்டங்கள்: கர்நாடக அரசின் எலிவேட், மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட். நாங்கள் சீட் ஃபண்டுக்குப் போனோம். இன்றைக்கு யாராவது கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

தொகையைப் பார்த்தால் எலிவேட்தான் பெரிது: 50 லட்சம் வரை மானியம், பங்கு கொடுக்க வேண்டாம். சீட் ஃபண்டில் மாதிரிப் பொருள் செய்து சோதிக்க 20 லட்சம் வரைதான் மானியம். இரண்டிலும் பணம் தவணையாகத்தான் வரும், கணக்கும் காட்ட வேண்டும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது வரிசை. சீட் ஃபண்டுக்கு விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி 2 வருடம் தாண்டியிருக்கக் கூடாது. மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருக்கவும் கூடாது. அப்படியென்றால் எலிவேட்டில் பெரிய தொகை வாங்கிவிட்டு வந்தால் இந்தக் கதவு மூடிவிடும். எலிவேட்டுக்கு அந்த 2 வருடக் கெடு இல்லை, அது காத்திருக்கும். எங்களுடையது போன்ற வேலையில் 2 வருடம் என்பது ஒன்றுமே இல்லை. வெயிலில் எந்தப் பெட்டியும் காயவைக்கும், மழைக்காலத்து மூட்டத்தில் தக்காளி பூஞ்சை பிடிக்காமல் காய்கிறதா என்பதுதான் சோதனை, அதற்கு வருடத்தில் ஒரு பருவம்தான் கிடைக்கிறது, அதைத் தவறவிட்டால் பாதிக் காலம் போச்சு. அதனால் மாதிரி ஓரளவு தேறும்வரை கம்பெனியைப் பதிவு செய்யாதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அதுவரை மாதிரி செய்யும் செலவுக்கு மத்திய அரசின் நிதி-பிரயாஸ் மானியம் இருக்கிறது. தனி ஆளுக்கும் கிடைக்கும், உச்சவரம்பே 10 லட்சம் என்பதால் மேலே சொன்ன வரம்பைத் தாண்டாது. போட்டிகளில் ஜெயித்த பரிசுப் பணமும் அந்தக் கணக்கில் சேராது.

அப்புறம், சீட் ஃபண்டில் முடிவெடுப்பது இன்குபேட்டர், அதாவது புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் மையம். ஒரே சமயத்தில் மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். எங்களைத் தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து வந்தவர் ஷெட்டிலேயே தட்டை இழுத்து, தக்காளியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, ஈரம் எவ்வளவு என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் எங்கள் வடிவமைப்பே மாறியது.

சந்தைக்குப் போகும் கட்டத்துக்கு சீட் ஃபண்டிலேயே 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னால் பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரமாகவோ தருகிறார்கள், வட்டி ரெப்போ விகிதத்தை (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) தாண்டாது, அடமானமும் இல்லை. நாங்கள் மானியம் மட்டும்தான் வாங்கினோம், கடன் பக்கம் பக்கத்து ஷெட் நண்பர் சொல்லித் தெரிந்ததுதான்.

2 வருடம் தாண்டியவர்கள் யோசிக்காமல் எலிவேட்டுக்குப் போங்கள். ஓசூரில் வாடகை குறைவு என்று அங்கே பதிவு செய்யப் போகிறவர்கள் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள், எலிவேட் கர்நாடகத்தில் பதிவான கம்பெனிகளுக்குத்தான்.