பிரிட்ஜா, இம்பிளான்ட்டா? பக்கத்துப் பற்களைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் பல் கட்ட பிரிட்ஜ், தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பொருத்தி அதன்மேல் பல் வைக்கும் இம்பிளான்ட், கழற்றி மாட்டும் பல் என்று மூன்று வழிகளைச் சொல்வார்கள். பெரும்பாலோர் முதலில் கேட்பது செலவையும் நாட்களையும்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது, இடைவெளிக்கு இருபுறமும் நிற்கும் பற்களை.

பிரிட்ஜுக்கு அந்த இரண்டு பற்கள்தான் தூண்கள். இரண்டுக்கும் கேப், அதாவது பல்லை மூடும் உறை, போட்டு, நடுவில் ஒரு செயற்கைப் பல்லை அவற்றோடு சேர்த்தே செய்கிறார்கள். கேப் உட்கார வேண்டுமே, அதற்காகப் பல்லைச் சுற்றிலும் ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டர், கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தேய்ப்பார்கள். கேட்கும்போது சின்ன அளவுதான். எனக்குத் தேய்த்து முடித்ததும் நாக்கால் தடவிப் பார்த்தேன்: இரண்டு முழுப் பற்கள் இருந்த இடத்தில் இரண்டு குட்டி முளைகள். ஒன்று ஏற்கெனவே ரூட் கனால் செய்த பல்; அதற்கு எப்படியும் கேப் தேவைப்பட்டது. மற்றது சொத்தையே இல்லாத பல். அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. போன எனாமல் திரும்ப வளராது. அப்படித் தேய்த்த பல்லில் சில சமயம் பின்னாளில் நரம்பு செத்து, அதற்கும் ரூட் கனால் செய்ய வேண்டி வரும்.

ஆகவே பக்கத்துப் பற்களில் பெரிய ஃபில்லிங் இருந்தாலோ, எப்படியும் கேப் போட வேண்டிய நிலை என்றாலோ, பிரிட்ஜ் நல்ல தேர்வு. அறுவை சிகிச்சை இல்லை, சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். இரண்டும் பழுதில்லாத பற்களா? அப்போது என் ஓட்டு இம்பிளான்ட்டுக்கே.

இம்பிளான்ட் யாரையும் தொந்தரவு செய்யாமல் தனியாக நிற்கும். ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனமார்க் 1950களில் முயல் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தபோது, பிறகு அதை எடுக்கவே முடியவில்லை. எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. 1965இல் அதே டைட்டானியத்தை மனிதத் தாடையில் பொருத்தினார். இன்றும் அந்த ஒட்டுதலை நம்பித்தான் வேலை நடக்கிறது. அதனால்தான் மேலே பல் வைக்கப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். தாடை எலும்பு போதுமான அளவு இருக்க வேண்டும். கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இரண்டும் அந்த ஒட்டுதலுக்குப் பகை. தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்குப் பொதுவாக வைப்பதில்லை. இம்பிளான்ட்டில் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் சுற்றியுள்ள ஈறில் தொற்று வந்து எலும்பு கரையலாம். சுத்தம் இங்கேயும் தேவை.

முன்பல் ஒன்று மட்டும் இல்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. பக்கத்துப் பல்லின் பின்பக்கம் ஒரு மெல்லிய இறக்கையை ஒட்டி, அதில் செயற்கைப் பல்லை நிற்கவைக்கும் மேரிலாந்து பிரிட்ஜ். தேய்ப்பது மிகக் குறைவு. எப்போதாவது கழன்று வரலாம், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

கழற்றி மாட்டும் பல் செலவு குறைந்தது. வரிசையாகப் பல பற்கள் போனவர்களுக்கு அது பொருந்தும். ஒரே ஒரு பல்லுக்காக வாயில் கம்பியோடு அலைவதைப் பலரும் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள்.

கேப் எதில் செய்வது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடிக்கும் பலம் விழும் கடைவாய்க்கு ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கான் வகை தாங்கும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்பும் உறுதிதான். ஆனால் பீங்கான் பெயரலாம், ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். முன்பல்லுக்கு நான் அதை வேண்டாம் என்பேன்.

பிரிட்ஜே போடுவதென்று முடிவானால், செயற்கைப் பல்லுக்கு அடியில் சுத்தம் செய்வதை அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு நுனி விறைப்பாக இருக்கும் ஃபிளாஸ் நூலை எடுத்து, ஊசியில் நூல் கோப்பதுபோல பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்து, மறுபக்கம் இழுத்து, தூண் பற்களின் ஓரமாக முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். முதல் வாரம் கை தடுமாறும். அப்புறம் ஒரு நிமிட வேலை.