முளையும் குழியும்: என் தொடு சதுரங்கப் பலகை, பன்னிரண்டு வருஷம் கழித்து

கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்து ஆடும் தொடு சதுரங்கப் பலகை வாங்கப் போனால், எல்லாக் காய்களையும் குத்திவிட்டு அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் பதறுவார், பதறட்டும். ரெண்டு காய்க்கு மேல் கொட்டினால் அந்தப் பலகை வேண்டாம். 2013-ல் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. தபாலில் வந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, மரம் வழவழப்பாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

பார்வையுள்ளவர்களுக்காக ஒரு விளக்கம். கறுப்புக் கட்டங்கள் வெள்ளையைவிடக் கொஞ்சம் மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு குழி, ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை. கறுப்புக் காய்களைக் கண்டுபிடிக்கத் தனி அடையாளம் உண்டு. என்னுடையதில் தலையில் சின்ன ஆணி. பலகை குறைந்தது 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. என்னுடையது 25 இருக்கும். அதைவிடச் சின்னதில் என் விரலுக்குச் சிப்பாய் எது, மந்திரி எது என்று பிடிபடுவதில்லை.

இதில் முளைதான் உயிர். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற சட்டம் எங்களுக்கும் உண்டு. ஆனால் காயைக் குழியிலிருந்து உருவினால்தான் அது 'தொட்டது'. அதுவரை பலகை முழுக்க விரல் மேயலாம். எங்கள் தெரு டீக்கடை அண்ணாச்சிக்கு இது பிடிபட ஒரு வருஷம் ஆனது. "என்ன வே, தடவிக்கிட்டே இருக்கீரு, எப்ப ஆடப் போறீரு?" என்பார். "அண்ணாச்சி, நீங்க கண்ணால தடவுறீங்க, நான் கையால பாக்கேன்" என்றேன் ஒருநாள். அப்புறம் கேட்கவில்லை.

முளை குழிக்குள் இறுக்கமாக இருந்தால் உருவும்போது பக்கத்துக் காயைத் தட்டிவிடுவோம். தளர்வாக இருந்தால் தடவும்போதே சாய்ந்துவிடும். இந்த அளவு நிரந்தரமாக நிற்காது என்பது மரப்பலகையோடு வாழ்ந்தால்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஊறி முளைகள் சிக்கிக்கொள்ளும். ஒருதடவை குதிரையை இழுத்ததில் உடம்பு என் கையிலும் முளை பலகையிலுமாகத் தங்கிவிட்டது. கத்திரி வெயிலில் நேர் எதிர், காய்கள் பல் ஆடுவதுபோல ஆடும். மழைக்கு வைத்தியம் மெழுகுவத்தி, முளையில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். வெயிலுக்கு முளையில் ரெண்டு சுற்று தையல் நூல். உப்புத்தாள் போட்டு முளையைத் தேய்க்க மட்டும் வேண்டாம். நான் தேய்த்தேன். மழைக்காலம் முடிந்ததும் ஆறு சிப்பாய்கள் தொளதொளவென்று ஆகிவிட்டன. மாற்றுக் காய்கள் கேட்டு ஒரு கடைக்கு எழுதினேன். வந்த காய்களின் முளை ஒன்றுகூட என் குழிக்குள் போகவில்லை, திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றார்கள். சரி, விடுங்கள்.

2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய பாரா விளையாட்டில் சதுரங்கத்தில் தர்பன் இனானி தங்கம் வாங்கினார். கண் தெரியாதவர் என்று பேப்பரில் படித்துவிட்டு அண்ணாச்சியே என் வீடு தேடி வந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு சாதாரணப் பலகை, எனக்கு என் பலகை, முறைப்படி ஆட்டம். ரெண்டு பலகை வைத்து ஆடும்போது ஒவ்வொருவரும் தன் நகர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிராளி அதைத் திருப்பிச் சொல்லித் தன் பலகையில் வைக்க வேண்டும். பலகையின் எட்டு நெடுவரிசைகளுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்துகள்தான் பெயர். பி, சி, டி, இ எல்லாம் சத்தத்தில் ஒன்றுபோலக் கேட்பதால் அவற்றுக்கு அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்று பெயர். அண்ணாச்சி வாயில் அன்னா 'அண்ணா' ஆனது, குஸ்தாவ் 'குஸ்தி' ஆனது. குழப்பம் இல்லை, அதனால் திருத்தவில்லை.

ரெண்டே மாதத்தில் வெள்ளம். டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி எங்கள் திருநெல்வேலி மீனாட்சிபுரத்துக்குள் வந்தபோது நாங்கள் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். பலகை கட்டிலுக்கு அடியில் துணிப்பையில். நாலு நாள் கழித்துத் தொட்டால் சேறு, நாற்றம். கறுப்புக் கட்டங்கள் ஒட்டுவைத்தவை என்பதே அன்றைக்குத்தான் தெரியும், பாதி பெயர்ந்திருந்தன. அத்தான் நல்ல மனசோடு மொட்டை மாடி வெயிலில் காயவைத்தார். பலகை அப்பளம்போல வளைந்துவிட்டது. நனைந்த மரத்தை நிழலில், மேலே கனம் ஏற்றித்தான் காயவைக்க வேண்டும்.

தூக்கிப்போட மனசு வராமல் அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுபோனேன். மரச்சொப்பு கடையும் ஊர். கடைசல் பட்டறையில் ஒரு பெரியவர் காய்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துவிட்டு, "இது சொப்பு மாதிரிதானய்யா, அடியில ஒரு வால் இருக்கு" என்றார். தளத்துக்குப் புதுப்பலகை, ஒட்டாமல் செதுக்கிய மேட்டுக் கட்டங்கள், ஒன்பது புதுக்காய்கள். எல்லா முளையையும் ஒரே கனத்தில் கடைந்தார். பழைய ராஜாவின் தலைச் சிலுவை எப்போதோ ஒடிந்து, அவசரத்தில் ராணியென்று நினைத்து உருவி நான் தோற்ற ஆட்டங்கள் உண்டு. அதைச் சொன்னதும் ராஜாவுக்குச் சிலுவைக்குப் பதில் தலையில் பள்ளம் வெட்டிவிட்டார். கட்டைவிரல் வைத்தாலே தெரிகிறது. போட்டிக்குக் கொண்டுபோக முடியாது, வீட்டுக்கு இதைவிடச் சுகமானது கிடையாது.

பிரயாணத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பலகை வைத்திருக்கிறேன். ஊறாது, வளையாது, ஆனால் கை வேர்த்தால் வழுக்கும். காந்தப் பலகை பரிசாக வந்தது, ஒரே வாரம்தான். விரல் பட்டதும் காய் நகர்ந்து பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும், நகர்ந்ததே தெரியாது.

லீசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு ஆடும் வசதி இருக்கிறது, இரவில் அதில்தான் ஆடுகிறேன். பதினைந்து நகர்வு வரை மனசில் நிற்கும். அப்புறம் போனுக்குப் பக்கத்தில் பலகையை விரித்து வந்த நகர்வையெல்லாம் குத்திக்கொண்டே போக வேண்டும். பத்து நிமிஷ ஆட்டத்தில் பாதி நேரம் இதற்கே போய்விடுகிறது.

இப்போது பாக்கியிருக்கும் குறை ஒன்றுதான். ஹெக்டர் ஒன்று என்கிற மூலைக் கட்டத்தில் குழி கொஞ்சம் ஆழம் குறைவு, அங்கே வைக்கும் யானை அரை விரல்கடை தூக்கியே நிற்கிறது. அண்ணாச்சியிடம் சொன்னேன். "கோட்டை கட்டிட்டா ராஜாவோட சேந்து அதுவும் நகந்துரும்லா" என்றார்.