எட்டு மாதம் விழுங்கியது எந்தப் பிரமி?

மூதூரிலிருந்து தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணா, ஞாபகசக்திக்கு நீங்கள் எடுக்கிற பிரமிக் குளிசை விலை குறைந்திருக்கிறதாம். மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. வாங்கட்டுமா?"

"பொறு, போத்தலைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். வினை அங்கேதான் தொடங்கியது.

முன்பக்கத்தில் பெரிய பச்சை எழுத்தில் 'பிரமி'. பின்பக்கத்தில் கடுகை விடச் சிறிய எழுத்தில் தாவரப் பெயர். பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாசிக்க முடிந்தது: சென்டெல்லா ஏசியாட்டிக்கா. வல்லாரை! திருகோணமலைச் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறதே, அதே வல்லாரை. அதைத்தான் எட்டு மாதமாகப் போத்தலில் வாங்கியிருக்கிறேன்.

நான் படித்துவிட்டு வாங்கப் போனது நீர்ப்பிரமியை. பக்கோப்பா மொன்னியேரி. சதுப்பு நிலத்தில் படரும், சிறிய தடித்த இலையுள்ள வேறொரு செடி. வட இந்தியாவில் இரண்டுக்குமே பிரமி என்ற பெயர் வழங்குகிறது. லேபிள் அடித்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

நீர்ப்பிரமிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2001இல் ஆஸ்திரேலியாவில் 46 பேரை வைத்து, நாளுக்கு 300 மில்லிகிராம் சாரம் கொடுத்துச் சோதித்தார்கள். கற்கும் வேகத்திலும் நினைவில் பதிவதிலும் 12ஆம் வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. 2002இல் 40 முதல் 65 வயது வரையான 76 பேரிடம் செய்த ஆய்வில், புதிதாகக் கற்றதை மறப்பது குறைந்தது. சின்ன ஆய்வுகள்தாம், ஆனாலும் வெறுங்கதை அல்ல. நீர்ப்பிரமி சிலருக்கு வயிற்றைக் கலக்கும் என்றும் படித்திருந்தேன். எனக்கு ஒரு நாளும் கலக்கவில்லை. என் வயிறு இரும்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தேன்!

வல்லாரையின் கதை வேறு. 2017இல் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், அறிவாற்றல் சோதனைகளில் அதற்கும் போலி மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. உட்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் விழிப்பு கூடலாம், கோபம் குறையலாம் என்று மட்டும் இருந்தது. லேபிளை வாசித்த அன்று காலையிலும் இரண்டு குளிசை போட்டிருந்தேன். கோபம் குறையவில்லை.

குளிசை எடுக்க மறந்திருப்பீர்கள் என்று நக்கலடிப்பவர்களுக்கு: கைபேசியில் அலாரம் வைத்திருக்கிறேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் உப்புவெளியில் நாலு பேர் கூடி 304 சீட்டு ஆடுவோம். மூன்றாம் மாதத்திலிருந்து எந்த ஒன்பது இறங்கிவிட்டது, யாரிடம் துரும்பு மிச்சம் என்பதெல்லாம் தலையில் நின்றது. எதிரில் இருந்து ஆடும் கூட்டாளியே கவனித்துச் சொன்னார். அது குளிசையால்தான் என்று ஊரெல்லாம் சொன்னவனும் நான்தான். சனி தவறாமல் ஆடினால் யாருக்கும் கை வரும் என்று இப்போது தோன்றுகிறது.

வல்லாரை மேல் எனக்குக் கோபமில்லை. போன வாரமும் இரண்டு கட்டு வாங்கினேன். மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நூலாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசைந்து, தேசிக்காயைக் கடைசியில் பிழிய வேண்டும். முதலில் பிழிந்தால் இலை கறுத்துவிடும். சோற்றோடு அந்த இளங்கசப்பு நாக்கில் ஏறும்போது ஞாபகசக்தியை யார் கேட்டார்கள்?

தங்கையைத் திரும்ப அழைத்தேன். "வாங்காதே. எந்தச் செடி என்பதையே ஒளித்து அச்சடிக்கிறவனிடம் காசு கொடுக்காதே. நான் படித்த ஆய்வுகளும் வளர்ந்தவர்களை வைத்துச் செய்தவை. பிள்ளையை நேரத்துக்குத் தூங்க விடு."

"அப்படியென்றால் நீங்களும் நிறுத்திவிட்டீர்களா?"

"பாதிப் போத்தல் இருக்கிறது" என்றேன். "சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் மட்டும் போடுவேன்."