டப்பாவா, அலாரமா, ஆளா: பிரஷர் மாத்திரையை மறக்கும் பெரியவர்களுக்கு எது ஒத்துவரும்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தேன். டப்பா என்றால் பழைய பிஸ்கட் டின். முதல் தேதியிலிருந்து போடுவதற்காக இரண்டு மாத்திரையிலும் முப்பது முப்பது வாங்கிக் கொடுத்திருந்தேன். நான் எண்ணியது 20ஆம் தேதி ராத்திரி. காலையில் போடும் ஆம்லோடிபின் பத்து இருக்க வேண்டும், பதினான்கு இருந்தது. ராத்திரி போடும் டெல்மிசார்டனும் பத்து இருக்க வேண்டும், ஏழுதான் இருந்தது. கேட்டதற்கு, "எல்லாம் கரெக்டாப் போட்டுட்டுதாண்டா இருக்கேன்" என்றாள். அது பொய் இல்லை. அவள் நினைவில் அப்படித்தான் பதிந்திருக்கிறது.

மிச்சமிருந்த நாலும் குறைந்துபோன மூன்றும் ஒரே மறதி அல்ல. நாலு தடவை போட மறந்திருக்கிறாள். மூன்று தடவை, போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருக்கிறாள். முதலாவதில் பிரஷர் ஏறும். இரண்டாவதில் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கி, நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது தலை சுற்றி விழலாம். கடையில் விற்பதையும் போனில் வருவதையும் சொந்தக்காரர்கள் சிபாரிசு செய்வதையும் இந்த ஒரு வருடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு மறதிக்கும் சேர்த்து வேலை செய்வது அதில் ரொம்பக் குறைவு.

முதலில் அலாரம், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். காலை எட்டுக்கு போன் அடிக்கும். அம்மா அப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். உள்ளே வந்து அலாரத்தை நிறுத்துவாள், "இதோ போடறேன்" என்பாள், குக்கர் விசில் அடிக்கும், அவ்வளவுதான். செய்ய நினைத்ததைச் சில நொடி தள்ளிப்போட்டாலே வயதானவர்களின் நினைவிலிருந்து அது நழுவிவிடுகிறது என்று சோதனைக்கூட ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. மாத்திரை போட மறப்பதற்குத்தான் அலாரம் ஓரளவு மருந்து. போட்டாச்சா இல்லையா என்ற கேள்விக்கு அதனிடம் பதிலே இல்லை. பத்து மணிக்கு அந்தச் சந்தேகம் வந்தால், நிறுத்தி வைத்த அலாரம் எதையும் சொல்லாது. என் மதிப்பெண்ணில் இதற்குக் கடைசி இடம்.

அடுத்தது ஏழு நாள் டப்பா. இதன் பலம் ஒரே பார்வையில் தெரியும்: செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலியா, போட்டாச்சு. இரண்டாவது மறதிக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. ஆனால் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் போதாது. கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் கிழமை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், அதிலும் இரண்டு எஸ், இரண்டு டி. அம்மாவுக்கு எந்த டி செவ்வாய், எந்த டி வியாழன்? ஸ்டிக்கர் வெட்டி ஞா, தி, செ என்று ஒட்டிய பிறகுதான் அது அவளுடைய டப்பா ஆனது.

இன்னொரு சிக்கலை மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும் மாத்திரை. போடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். சரி என்று கத்தரிக்கோலால் அட்டையோடு துண்டு துண்டாக வெட்டிப் பெரிய கட்டம் உள்ள டப்பாவில் போட்டு வைத்தேன். அம்மாவுக்கு அது சரிப்பட்டது. ஆனால் பார்வை மங்கியவர்களும் குழப்பம் அதிகமானவர்களும் அந்தத் துண்டை அட்டையோடு விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

டப்பாவின் உண்மையான பலவீனம் அதை நிரப்பும் வேலைதான். வாரம் ஒருமுறை டாக்டர் சீட்டைப் பார்த்து, 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்று புரிந்து, போன மாதம் வெள்ளையாக வந்த மாத்திரை இந்த மாதம் வேறு கம்பெனியிலிருந்து மஞ்சளாக வந்தாலும் இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடித்து, நாளுக்கு நாலு வேளைக் கட்டம் உள்ள டப்பா என்றால் இருபத்தெட்டு கட்டத்தில் சரியாகப் பிரித்துப் போட வேண்டும். இது ஞாபகசக்தியின் வேலை மட்டும் இல்லை. திட்டமிடுவது, ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது ஆகிய திறமைகளின் வேலை. நெடுநாள் பிரஷர் மூளையின் சிறு ரத்தக் குழாய்களைப் பாதிக்கும்போது இந்தத் திறமைகள்தான் பல பேருக்கு முதலில் தேய்கின்றன. பழைய கதையை வரிவரியாகச் சொல்லும் அம்மாவுக்கு மாத்திரை பிரிக்கத் தடுமாறுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆக, நிரப்புகிற கை வேறு ஒருவருடையதாக இருந்தால்தான் டப்பா ஜெயிக்கும்.

டப்பாவைத் தனியாக நம்பக்கூடாது என்பதற்கு அமெரிக்காவில் 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு உதாரணம். 53,480 பேர். சிலருக்குச் சாதா டப்பா, சிலருக்கு நேரம் காட்டும் மூடி, சிலருக்குப் போட்டதைக் குறித்துக்கொள்ளும் பட்டை என்று தபாலில் அனுப்பினார்கள். எதையும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் எந்தக் குழுவும் மாத்திரையை இன்னும் ஒழுங்காகப் போடவில்லை. அவர்கள் 64 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பது உண்மைதான். ஆனால் தெளிவான மூளைக்கே தபாலில் வந்த டப்பா போதவில்லை என்றால் நம் வீட்டுக் கதை என்ன ஆகும்?

மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம்: மாத்திரையை ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுவது. "எட்டு மணிக்கு" என்று நினைவு வைத்துக்கொள்வதைவிட "காபி குடித்ததும்" என்று நினைவு வைத்துக்கொள்வது வயதானவர்களுக்குச் சுலபம். மணியைத் தானாகப் பார்க்க வேண்டும், காபி எப்படியும் எதிரில் வந்து நிற்கும். அரிசோனாவில் 65 வயதைத் தாண்டிய பிரஷர்காரர்களிடம் இதை முறையாகவே பழக்கிப் பார்த்தார்கள். காரியத்தோடு இணைப்பது, செய்வதை மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது, நினைத்த உடனே போட்டுவிடுவது ஆகிய உத்திகள். 57 சதவீதமாக இருந்த ஒழுங்கு 78 ஆனது. அதிலும், திட்டமிடும் திறமை குறைந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். ஆனால் ஐந்து மாதத்தில் அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பழக்கம் ஒட்டிக்கொள்ளும்வரை யாராவது அவ்வப்போது தூண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய வழி ஒன்று இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு: இரண்டு மாத்திரையை ஒன்றாக்க முடியுமா? ஆம்லோடிபினும் டெல்மிசார்டனும் சேர்ந்த ஒரே மாத்திரை நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இந்த மாதிரிக் கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதயநோய் உள்ள அல்லது அந்த ஆபத்து அதிகமுள்ள 2,004 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கூட்டு மாத்திரை பெற்றவர்களில் 86 சதவீதம் பேர் ஒழுங்காகப் போட்டார்கள்; வழக்கம்போலத் தனித்தனியாக வாங்கியவர்களில் 65. மறதியோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக, மறக்கக்கூடிய தருணங்களையே பாதியாக்கிவிடுகிறது இது. என் கணக்கில் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

காலையா ராத்திரியா என்று குழம்பவும் வேண்டாம். பிரிட்டனில் 21,104 பேரைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு, பக்கவாத விஷயத்தில் எந்த நேரத்துக்கும் தனி லாபம் தென்படவில்லை. மறக்காமல் போட முடிகிற நேரம் எதுவோ அதை டாக்டரிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆள். அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் 65 வயதைத் தாண்டிய 200 பேருக்கு மருந்தாளுநர்களே விளக்கிச் சொல்லி, வேளைவாரியாக மாத்திரைகளை அட்டையில் அடைத்துக் கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவு: 61 சதவீதமாக இருந்த ஒழுங்கு 97 ஆனது. பிறகு பாதிப் பேருக்கு நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் 69க்கு இறங்கிவிட்டார்கள். தொடர்ந்து பெற்றவர்கள் 95க்கு மேலேயே நின்றார்கள். அட்டையோடு ஒரு மனிதரும் பின்னால் இருந்தார் என்பதை நான் இங்கே அடிக்கோடிடுவேன்.

நம் ஊரில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பஸ் ஏறி வரிசையில் நிற்க முடியாததால் விட்டுப்போகும் மாத்திரைகளை அது மீட்டுக் கொடுக்கிறது. வாசலிலிருந்து வாய்க்குப் போகும் தூரம் மட்டும் வீட்டார் பொறுப்பு.

எப்போது ஆளே வேண்டும்? கடிகாரம் ஒன்று வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்லுங்கள். டாக்டர்கள் பயன்படுத்தும் சோதனைகளில் ஒன்று இது. முள் தாறுமாறாகப் போனால் அதுவே நோய் என்று அர்த்தமில்லை, ஆனால் டப்பாவையும் அலாரத்தையும் நம்பிக்கொண்டு இராமல் டாக்டரிடம் கூட்டிப்போக அது போதும். "மறக்கிறீங்களா?" என்று கேட்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். மறப்பவரிடம் மறதியைப் பற்றிக் கேட்பது என்ன கணக்கு? அட்டையை எண்ணுங்கள்.

வேண்டுமென்றே விடுவதும் உண்டு. வெளியூர் பஸ் ஏறும் நாளில் பெரியப்பா நீர் பிரிக்கும் மாத்திரையைத் தொடமாட்டார். வழியில் எங்கே நிறுத்துவான் என்பது அவர் கவலை. கால் வீங்குகிறது என்று ஆம்லோடிபினை நிறுத்துபவர்களும் இப்படித்தான். இவர்களுக்கு எந்த டப்பாவும் உதவாது, மருந்தை மாற்றத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், பிரஷர் மறதியை வளர்க்கும், மறதி பிரஷரை வளர்க்கும் என்கிற சுழல். அமெரிக்காவில் நடந்த ஸ்பிரின்ட் என்ற பிரஷர் ஆய்வில் மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைக்க முயன்றவர்களைவிட, 120க்குக் கீழே குறிவைத்தவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்திருந்தது. முற்றிய மறதி நோயான டிமென்ஷியாவில் அந்த அளவு உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. அதற்காக நாமாகவே டோஸைக் கூட்டக் கூடாது. விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரண்டாகப் போடவும் கூடாது. ஆம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், ஒருநாள் விட்டால் அது பொறுத்துக்கொள்ளும். மெட்டோபுரலால், குளோனிடின் மாதிரியான வேறு பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு பொறுக்காது.

இப்போது அம்மாவுக்குக் காலையில் ஒரே கூட்டு மாத்திரை. தமிழ் எழுத்து ஒட்டிய டப்பா காபி பில்டர் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் இருக்கும் அத்தை வந்து நிரப்புகிறார். போன மாதக் கடைசியில் எண்ணியபோது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். எந்த நாள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, டப்பாவைப் பார்த்தால் தெரிந்தது: வெள்ளிக்கிழமை. அன்று எதிர்வீட்டில் கல்யாணம். காபி அங்கே.