மீட்டரில் தேறிய காயில், சூட்டில் கைவிட்ட கதை: ஸ்பார்க் டெஸ்டர் அனுபவம்

பாயின்ட் செட் (கரன்ட்டைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்) உள்ள பழைய 12 வோல்ட் புல்லட் பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் திக்கித் திணறி நின்றுவிடும். ஓரங்கட்டி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும்.

இதற்காகத்தான், ஸ்பார்க் எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்று பார்க்க, இடைவெளியைத் திருகி மாற்றும் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கம் எர்த் கிளிப், மறுபக்கம் பிளக் வயரைச் செருகும் முனை, நடுவே எதிரெதிராக இரண்டு ஊசிகள். அவ்வளவுதான் சாமான். ஆண்டுக்கணக்காக என் டூல்ஸ் பையில் இருக்கிறது.

மல்டிமீட்டர் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பேட்டரி வோல்டேஜை ஸ்பார்க்குக்கு வேண்டிய அளவு உயர்த்தும் இக்னிஷன் காயில் உள்ளே அறுந்திருந்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். என் வண்டியில் காயிலின் பிரைமரி (பேட்டரிப் பக்கச் சுற்று) 3 ஓமுக்குச் சற்று மேல், செகண்டரியும் (பிளக் பக்கச் சுற்று) சரி. ஆனால் ஓம் பார்க்க மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். வண்டி ஓடும்போது செகண்டரியில் வருவதோ ஆயிரக்கணக்கான வோல்ட். அப்போது மட்டும் விட்டுக்கொடுக்கும் இன்சுலேஷனை மீட்டரால் பிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான சுற்றுகளில் பத்துப் பதினைந்து ஒட்டிக்கொண்டாலும் ஓமில் தெரியாது, ஸ்பார்க்தான் நலியும்.

பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதைத்துப் பார்ப்பதும் அரைகுறைதான். வெளிக்காற்றில் பிளக்கின் அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட இரண்டு மூன்று கிலோவோல்ட் போதும். சிலிண்டருக்குள் கம்ப்ரெஷனில் அதைவிடப் பல மடங்கு வேண்டும். அதனால் டெஸ்டரில் 6 மி.மீ. வைத்து, ஆறிய நிலையில் ஒருமுறை, வண்டி நின்றுபோன அதே சூட்டில் ஒருமுறை பார்க்கிறேன். என் காயில் ஆறியபோது நீலமாகச் சடசடவென்று தாண்டியது. சூட்டில் ஆரஞ்சாக மெலிந்து, விட்டுவிட்டு வந்தது. 3 மி.மீ.க்குக் குறைத்த பிறகுதான் சீராக அடித்தது.

உடனே காயிலைக் குறை சொல்லிவிடக் கூடாது. கன்டென்சர் (பாயின்ட் முகத்தில் பொறி பறக்காமல் காக்கும் சின்ன பாகம்) போனாலும் சூட்டில் இப்படித்தான் ஆடும், ஆனால் பாயின்ட் முகத்தில் பொறி பறந்து கருகியிருக்கும். என்னுடைய பாயின்ட் சுத்தமாக இருந்தது. இருந்தாலும் கன்டென்சரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. காயிலை மாற்றியதும் அந்தப் பிரச்சினையே போய்விட்டது.

மூன்று எச்சரிக்கைகள். எர்த் கிளிப்பை முதலில் மாட்டுங்கள், இடைவெளியைக் கண்டபடி அகலப்படுத்தாதீர்கள். தாண்ட வழியில்லாத வோல்டேஜ் காயிலின் உள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துவிடும். அப்புறம், பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், டெஸ்டரை அதன் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. உச்சி வெயிலில் ஸ்பார்க்கின் நிறம் தெரியாது, நிழல் வேண்டும். கிளிப்பின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அளவுக்கோடுகள் அழிந்ததால் இப்போது வெர்னியர் வைத்துத்தான் இடைவெளி பார்க்கிறேன்.

வாங்குவதானால் ஊசிமுனை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். உள்ளே பல்பு எரியும் வகை, ஸ்பார்க் வருகிறதா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு வலு என்று சொல்லாது.