கினபாலு ஏறப் போகிறவர்கள் கவனத்துக்கு: ஏழு பேருக்குக் காசு, நான்கு பேருக்குப் படுக்கை

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் தெரியும். இங்கே ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி. குலை ஏற்றி வரும் லாரிகளின் எடைச்சீட்டைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். எவனாவது ஒரு எண்ணைத் திருத்தியிருந்தால் சீட்டைக் கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் திருத்தின சீட்டிலேயே ஏமாந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்னை ஏமாற்றின ஆள் இன்னும் எங்கள் வட்டாரத்தில் ஆள் சேர்த்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சாயங்காலம் பூப்பந்து ஆடுகிற கூட்டம் ஏழு பேர். என் மகளும் அதில் உண்டு. எஸ்டிபிஎம் பரீட்சை முடித்த கையோடு சபாவில் இருக்கிற கினபாலு மலை ஏறியே ஆக வேண்டும் என்று அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள். சரி, உடம்பு இருக்கும்போதே போய்விடலாம் என்று எல்லாரும் கிளம்பினோம். ஏற்பாடு செய்து தருகிறேன் என்று வந்தவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன். அவன் அப்பா அங்கே வேலையாட்களை மேய்க்கிற தண்டலாக இருந்தவர், கோயில் திருவிழாவில் என்னோடு அன்னதானப் பந்தியில் பரிமாறியவர். அந்த ஒன்றே போதும் என்று நினைத்துவிட்டேன்.

“அண்ணே, லாபான் ராத்தாவுல ஏழு படுக்கையும் கன்பர்ம். நீங்க பேக்கைத் தூக்கிட்டு வந்தா போதும். பத்துமலைப் படி ஏறுவீங்கல்ல, அந்த மாதிரிதான்” என்றான்.

பத்துமலையில் 272 படி. கினபாலுவில் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஏறினால் 3,272 மீட்டரில் லாபான் ராத்தா, ராத்திரி தங்குகிற குடில். சாப்பிட்டுப் படுத்து, நடுராத்திரி தாண்டி எழுந்து, இரண்டரை மணிக்கு இருட்டில் மறுபடி ஏற வேண்டும். இன்னும் இரண்டே முக்கால் கிலோமீட்டர் போனால் 4,095 மீட்டர் உச்சி. கூடாரம் போட அனுமதி கிடையாது. குடிலில் படுக்கை உறுதியானால்தான் ஏறுவதற்கு அனுமதியே தருவார்கள், அந்தப் படுக்கைகளும் அளவானவை. ஆக, மொத்தப் பயணமும் அந்த ஒரு படுக்கையில் இருக்கிறது. ஏமாற்றுகிறவன் கை வைப்பதும் அங்கேதான்.

ஆளுக்கு 1,450 வெள்ளி, விமானச் சீட்டு தனி. காசை அவன் சொந்தக் கணக்கில் போடச் சொன்னான். “கம்பெனி அக்கவுண்டு இன்னும் தொறக்கல அண்ணே” என்றான். போட்டோம்.

அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடங்கள் இருந்தன. அவன் புலனத்தில் அனுப்பிய விளம்பரத்தில் ‘மெசிலாவ் பாதை வழியாக எளிதாக ஏறலாம்’ என்று இருந்தது. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் மலையில் 18 பேர் இறந்தார்கள், நாமெல்லாம் செய்தியில் பார்த்ததுதான். அதற்குப் பிறகு மெசிலாவ் பாதையை மூடிவிட்டார்கள். எவனுடைய பழைய விளம்பரத்தையோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். அடுத்தது விமானம். ஏறுகிற அன்று காலையிலேயே கோலாலம்பூரிலிருந்து பறந்தால் போதும், ஒரு ராத்திரி ஹோட்டல் காசு மிச்சம் என்றான். இரண்டரை மணி நேரம் பறக்க வேண்டும். கோத்தா கினபாலுவிலிருந்து பூங்காவுக்குச் சாலையில் இன்னும் இரண்டு மணி நேரம். திம்போஹோனில் காலை பத்தரைக்கு மேல் ஏற விடமாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் லாரி ஓட்டுகிற மாமா ஒருவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “இவன் அந்த மலைப்பக்கமே போனதில்லடா” என்றார். விமானச் சீட்டை முதல் நாளுக்கு மாற்றினோம். ஆளை மாற்றவில்லை.

அப்புறம் அந்த உறுதிச்சீட்டு. குடில் நடத்துகிறவர்களின் சின்னத்தோடு, பதிவு எண்ணோடு, ‘ஏழு பேர்’ என்று பிடிஎஃப் அனுப்பினான். கைப்பேசித் திரையில் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குத் தட்டிவிட்டேன். திரும்பி வந்த பிறகு ஆலைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். 7 என்ற எண் மற்ற எண்களைவிடக் கொஞ்சம் தடிமன், கோட்டிலிருந்து ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. கீழே மொத்தத் தொகை 5,200 வெள்ளி. அதை ஏழால் வகுத்தால் 742 வெள்ளி சொச்சம், முழுசாக வராது. நான்கால் வகுத்தால் சுளையாக 1,300. மேலே இருந்த எண்ணை மாற்றியவன் கீழே இருந்த தொகையை விட்டுவிட்டான். என் லாரிக்காரர்களே இதைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

காலை எட்டரைக்குப் பூங்கா முகப்பில் எல்லாருடைய மைகார்டு அடையாள அட்டைகளையும் அடுக்கி நீட்டினேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்து நான்கை ஒரு பக்கமும் மூன்றை ஒரு பக்கமும் வைத்தாள். “நாமா தியாடா, பொஸ்” என்றாள். மூன்று பேருக்குப் பெயரே இல்லை. எங்களுக்காகக் காத்திருந்த மலிம் குனுங், அதாவது மலை வழிகாட்டியும் ஒருவர்தான். ஒரு வழிகாட்டி ஐந்து பேர் வரைக்கும்தான் அழைத்துப் போகலாம், ஏழு பேர் என்றால் இரண்டு பேர் வந்திருக்க வேண்டும். அந்த மனிதர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இது அவருக்கு முதல் தடவை இல்லை போலிருக்கிறது.

பையனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து ‘சிஸ்டம் பிரச்சினை அண்ணே, வெயிட்டிங்ல இருக்கு, யாராவது கேன்சல் பண்ணா கிடைக்கும்’ என்று ஒரு செய்தி. அன்றைக்கு யாரும் ரத்து செய்யவில்லை. யார் ஏறுவது என்று பேசிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. பெயர் இருந்தவர்கள் போகட்டும் என்றோம். மகள் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் முதுகுப்பையிலிருந்த கையுறையை எடுத்து அவள் பையில் போட்டுக்கொண்டாள். திம்போஹோன் வரை வேனில் போய், நால்வரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பி வைத்தேன்.

மீதி மூன்று பேரும் பக்கத்து ஊரான குண்டாசாங்கில் அறை எடுத்தோம். எங்கள் காசு, வேறென்ன. மறுநாள் விடியற்காலையில் மேகம் விலகி மலை மொத்தமும் தெரிந்தது. காய்கறிக் கடைக்கு முன்னால் நின்று தே தாரிக் குடித்துக்கொண்டே பார்த்தேன். அந்த நேரத்தில் மகள் சாயாட் சாயாட் சாவடியைத் தாண்டிவிட்டாளாம். 3,668 மீட்டரில் இருக்கிற சாவடி அது, கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொள்வார்கள், நேரத்துக்குள் வராதவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். நால்வரில் ஒருவர் தலைவலி, வாந்தி என்று அங்கிருந்தே இறங்கிவிட்டார். உயரத்தில் காற்று குறைவதால் வருவது அது, பத்துமலைப் படியில் வராது. மகள் வந்து முதலில் சொன்னது உச்சியைப் பற்றி அல்ல. குடிலுக்கு வேண்டிய எரிவாயுத் தோம்பை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பெண் அவளை முந்திக்கொண்டு ஏறினாளாம்.

ஊர் வந்ததும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அப்பா காப்பி கொடுத்தார், தலை நிமிரவே இல்லை. அவரிடம் சத்தம் போட மனம் வரவில்லை. பையன் இரண்டு வாரத்தில் தருகிறேன் என்றான், ஒரு தடவை 500 வெள்ளி போட்டான், பிறகு என் எண்ணை முடக்கிவிட்டான். மூன்று பேருடைய 4,350 வெள்ளியில் வந்தது அவ்வளவுதான்.

இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். பணம் கட்டிய ரசீது, புலனச் செய்திகள், அந்த பிடிஎஃப் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். செய்திகளை அழித்துவிடாதீர்கள், கோபத்தில் பாதிப் பேர் செய்வது அதுதான்.

ஏற நினைக்கிறவர்கள் ஏஜெண்டு அனுப்பும் தாளை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதில் இருக்கிற பதிவு எண்ணை எடுத்து, குடில் நடத்துகிறவர்களுக்கு நீங்களே மின்னஞ்சல் போடுங்கள். எத்தனை படுக்கை, யார் யார் பெயர், சாப்பாடு சேர்த்தா என்று கேளுங்கள். பெயர் மைகார்டில் இருக்கிறபடியே இருக்கட்டும். 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி பயண ஏற்பாட்டாளருக்கு உரிமம் வேண்டும், அந்த எண்ணைக் கேளுங்கள். எங்கள் ஆளிடம் அப்படி ஒன்று இல்லவே இல்லை. போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டி, அதன் மேல் புகார் உண்டா என்று பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இவன் எண்ணைப் பிறகு தட்டிப் பார்த்தேன், ஒரு புகாரும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் தாமான் புலனக் குழுவில் அவனுடைய புது விளம்பரம் வந்தது. அடுத்த பள்ளி விடுமுறைக்குக் கினபாலு, ‘எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்று போட்டு ஒரு படம். திம்போஹோன் வாசல், நான்கு பேர், நடுவில் என் கையுறையைப் போட்டுக்கொண்டு என் மகள். இடது ஓரத்தில் மங்கலாக ஒரு விரல் விழுந்திருக்கிறது. அது என் விரல்.