பிளேட்லெட் 90,000: கர்ப்பகாலக் குறைவா, ஐ.டி.பி.யா?

கர்ப்பத்தின் எட்டாம் மாத ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 90,000 என்று வந்திருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000-க்குக் கீழே போனாலே குறைவுதான் என்பதால் பயம் வருவது இயல்பு. ஆனால் எண்ணைவிட அதன் காரணம்தான் முக்கியம். ரத்தம் எடுக்கும் டியூபில், உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கருவி குறைத்துக் காட்டுவதும் உண்டு. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனை செய்தால் அது தெரிந்துவிடும்.

எண்ணிக்கை உண்மையிலேயே குறைவு என்றால், நான்கில் மூன்று பேருக்குக் காரணம், கர்ப்பத்தாலேயே வரும் கர்ப்பகாலக் குறைவுதான். பிற்பாதி மாதங்களில் மெல்ல இறங்கும், 70,000-க்குக் கீழே போவது அரிது. ரத்தக்கசிவு இருக்காது, குழந்தைக்குப் பாதிப்பில்லை, மருந்தும் வேண்டாம்.

ஐ.டி.பி. (இம்யூன் த்ராம்போசைட்டோபீனியா) அப்படியல்ல. தாயின் எதிர்ப்பாற்றலே தன் பிளேட்லெட்டுகளை அழிக்கிறது. முதல் மூன்று மாதத்திலேயே குறைந்திருந்தாலோ, 50,000-க்குக் கீழே இறங்கினாலோ முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. அதனால், கர்ப்பத்துக்கு முன்பு எடுத்த ரத்த ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். என்னைக் கேட்டால், அதைவிட நல்ல துப்பு வேறில்லை.

ஐ.டி.பி. என்றாலும் எல்லோருக்கும் சிகிச்சை தேவைப்படாது. ரத்தக்கசிவு இருந்தாலோ, எண்ணிக்கை 30,000-க்குக் கீழே போனாலோ, பிரசவம் நெருங்கினாலோதான் பெரும்பாலும் மருந்து. பிரெட்னிசோலோன் மாத்திரை எளிது, விலையும் குறைவு. ஆனால் வேலை செய்யச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும், சர்க்கரையையும் பி.பி.யையும் ஏற்றிவிடலாம். நரம்பு வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஓரிரு நாளிலேயே எண்ணிக்கையை உயர்த்தும், ஆனால் சில வாரங்களே நிற்கும், செலவும் அதிகம். பிரசவ தேதி நெருங்கிவிட்டால் இதுதான் கைகொடுக்கும். சாதாரணமாக 50,000 இருந்தால் சுகப்பிரசவமோ சிசேரியனோ செய்யலாம், முதுகில் போடும் எபிடூரல் மரப்பு ஊசிக்கு 70,000 இருந்தால் நல்லது.

இந்த இரண்டு மருந்தும் தாய்க்குத்தான். தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் பிளேட்லெட்டுகளையும் தாக்கலாம், அதை இவை தடுக்கும் என்று நம்ப முடியாது. தாயின் எண்ணிக்கையை வைத்துக் குழந்தையின் எண்ணிக்கையைக் கணிக்கவும் முடியாது. பத்தில் ஒரு குழந்தைக்கு 50,000-க்குக் கீழே போகலாம், ஆனால் மூளையில் ரத்தக்கசிவு மிக அரிது, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் பிரசவத்தில் குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கும் வேக்கம் கருவியைத் தவிர்ப்பதும், தொப்புள்கொடி ரத்தத்தைப் பரிசோதிப்பதும். பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எண்ணிக்கை மேலும் சரியலாம், எனவே முதல் ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது, ஹெல்ப் (HELLP) சிண்ட்ரோம். பிளேட்லெட் சரிவதோடு சிவப்பணுக்கள் உடைந்து, கல்லீரல் நொதிகள் ஏறும். கடும் தலைவலி, பார்வை மங்கல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி என்று எது வந்தாலும், பி.பி. சரியாக இருந்தாலும்கூட, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்குப் பிரசவம்தான் சிகிச்சை.

முதல் இரண்டில் எது என்று கடைசிவரை தெரியாமலே பிரசவம் முடிந்திருந்தால், ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். கர்ப்பகாலக் குறைவு என்றால் அதற்குள் பெரும்பாலும் சரியாகியிருக்கும்.